நூற்றுத் தொண்ணூற்றிரண்டு

பாகப்பிரிவினையில்
பச்சைப் பெட்டி வெர்னாவுக்கு வந்தது.
படகு ஆர்லோவுக்குப் போனது.
படகின் பின்பலகையில் திருகியிருந்த காதும்
படகோடு போயிற்று.
பட்டியலில் அதற்குத் தனி வரி இல்லை.
வக்கீல்கள் இருவரும் மீன் பிடிக்காதவர்கள்.

கோகீபிக் ஏரிக்கரை வீட்டில்
சாலைக்குத் தூவும் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில்
நான்கு குளிர்காலம் கிடந்தது பெட்டி.
அறுபத்தெட்டாம் வருஷத்துத் தகரம்.
முகத்தில் வட்டம், வட்டத்தின் ஓரம் அடிக்கணக்கு,
உள்ளே சுழலும் தட்டு,
தட்டின் விளிம்பில் அரிசியளவு நியான் விளக்கு.
பேட்டரி கோத்தால் சுழலும்.
பூஜ்யத்தில் ஒரு சிவப்புக் கீற்று நிற்கும்.
இருக்கிறேன் என்று மட்டும் சொல்லும்.
கீழே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
இது அதற்கும் ஒரு படி கீழே:
சங்கும் காதும் இதற்கு ஒரே உறுப்பு.
அந்த ஒன்றுதான் இல்லை.

ஆர்லோவைக் கூப்பிட்டாள்.
படகை அயர்ன்வுட்டில் ஒருவருக்கு விற்றாயிற்று.
அந்த ஒருவர் படகைக் கவிழ்த்துப் போட்டு
விறகுக்குக் கூரையாக்கியிருந்தார்.
"அந்த உருண்டையா?
ஒழுகுதேன்னு பிடுங்கி எறிஞ்சிட்டேன்மா."

டுலூத்திலிருந்து ஒன்று வாங்கினாள்.
மேலே இருநூறு என்று எழுதியிருந்தது.
திருகு பொருந்தியது, செருகி பொருந்தியது.
பனிக்கட்டியில் துளை போட்டு இறக்கினால்
வட்டம் முழுக்க மணல்வாரி போட்டதுபோல்
சிவப்புப் புள்ளிகள்.
ஏரி முழுக்க மீன் என்று நம்பலாம்,
நம்ப ஆசைப்படுகிறவர்கள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் வெர்னா.
இரைச்சல் எது, பேச்சு எது என்று அவளுக்குத் தெரியும்.

பின்னால் இருந்த எண்தகடு தேய்ந்து
வழவழவென்று ஆகியிருந்தது.
நான்கு திருகாணி. மூடியைக் கழற்றினாள்.
உட்புறம் பென்சிலில், ஆர்லோவின் கையெழுத்து,
ஒன்பதின் வால் எப்போதும்போல் நீளம்:
192.
அதன் கீழே:
வெர்னா தொடக் கூடாது.

முப்பத்தொரு வருஷத்தில்
அவளுக்கென்று அவன் எழுதி வைத்தது இது ஒன்றுதான்.
அவள் படிக்கக் கூடாது என்றே எழுதியது.
கராஜில் தனியாக நின்று
இருமல் வரும்வரை சிரித்தாள்.

எட்டு எண் வித்தியாசம். அவ்வளவுதானாம்.
எட்டு எண் தள்ளிப் பேசினால்
போன சத்தம் திரும்பி வரும்போது
பெட்டிக்குத் தன் குரலே பிடிபடாது.

அடுத்தது ஒண்டாரியோவிலிருந்து வந்தது,
சாம்பல்நிறக் கம்பளிக் காலுறை ஒன்றுக்குள்.
நாற்பது டாலர், தபால் தனி.
ஜோடிக் காலுறையை அனுப்பவில்லை.
எண் சரி. இப்போது செருகி சேரவில்லை.
வெட்டினாள். வெளியே செம்புக் கம்பியின் சடை,
உள்ளே தோலுரித்த ஒற்றைக் கம்பி.
இரண்டும் ஒரே உறைக்குள் போக வேண்டும்,
ஒன்றையொன்று தொட்டால் ஊமை.
இதைப் புத்தகம் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கவில்லை.
ஈயம் உருக்கி ஒட்டி, டேப் சுற்றி,
மூடியைப் போட்டாள்.
பென்சிலை அழிக்கவில்லை.

பிப்ரவரி. ஞாயிறு. பேருந்துக்கு விடுமுறை.
கூடாரத் துணியைக் காற்று அறைந்துகொண்டே இருந்தது.
பேட்டரியைக் கோட்டுக்குள் வயிற்றோடு வைத்துச்
சூடாக்கிக் கொண்டுவந்திருந்தாள்.
காதைத் தண்ணீரில் விட்டாள்.
பூஜ்யத்தில் கீற்று.
பிறகு, இருபத்து மூன்றில், தடிமனாக,
அசையாமல், இன்னொன்று.
தரை.

கொஞ்ச நேரம் தூண்டிலை எடுக்கவே இல்லை.
தரை இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஈயக்குண்டை இறக்கினாள்.
நூலளவு கீற்று ஒன்று பூஜ்யத்திலிருந்து கழன்று
ஐந்து, பத்து, பதினெட்டு என்று நகர்ந்தது.
கை நின்றால் நின்றது.
கை நடுங்கினால் அதுவும் நடுங்கியது.
இத்தனை ஆழத்தில் தன் கையை
அவள் பார்த்ததில்லை.

இருபத்தொன்றில்
அவளுடையதல்லாத ஒரு கீற்று,
மங்கலாய்,
தரையை விட்டுக் கிளம்பி
இருபதுக்கு வந்து
நின்றது.

வெர்னா பல்லால் இழுத்து
வலதுகை உறையைக் கழற்றினாள்.